மூடியைத் தளர்வாக வைக்கச் சொன்ன சம்பந்திக்கு

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் தங்கள் நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் வழக்கம். அப்படித் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. இவ்விடம் யாரும் நலமாக இல்லை. அவ்விடம் தாங்கள் நலம் என்பது எனக்குக் கேட்காமலே தெரியும். என் மகளும், தங்கள் மகனும், நம் இரண்டு பேருக்கும் பொதுவான ஒரே பேத்தியும் நேற்று மாலையிலிருந்து தங்கள் வீட்டில், தங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தங்கள் கையால் செய்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தங்கள் நலத்துக்கு என்ன குறைச்சல்? சாப்பிடட்டும். வயிறு நிறையட்டும். ஆனால் இந்த வருடம் யார் முறை என்று அந்த மேசையில் யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொன்னார்களா என்பதுதான் என் கேள்வி.

பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு நாம் இருவரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டது தங்களுக்கு மறந்திருக்காது. வருடக் கடைசி விடுமுறைக்கு ஒரு வருடம் தங்கள் வீடு, மறு வருடம் எங்கள் வீடு. சண்டை வேண்டாம், சச்சரவு வேண்டாம், முறை போட்டுக்கொள்வோம் என்று சொன்னவரே தாங்கள்தான். நானும் பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டேன். மற்ற நாளெல்லாம் அவர்களுக்கு வேலை, குழந்தைக்குப் பள்ளிக்கூடம். வருடத்தில் அந்த ஒரு வாரம்தான் என் மகள் என் வீட்டில் தூங்கி எழுந்திருக்கிறாள். அதுவும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம். அதைத்தான் இப்போது தாங்கள் கொண்டுபோய்விட்டீர்கள். தாங்கள், தாங்கள் என்று எழுத இனிமேல் என் கைக்கு வராது. நீங்கள் என்றே எழுதுகிறேன். இருக்கிற கோபத்துக்கு அதுவே அதிகம்.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். போன வருடம் உங்கள் முறை முடிந்து, பேத்தியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நானும் என் வீட்டுக்காரியும் கடைசி நாள் உங்கள் வீட்டுக்கு வந்தோம் அல்லவா, அங்கே. சம்பந்தி அம்மாள் காலமான பிறகு நீங்களே சமையலறைக்குள் இறங்கிவிட்டீர்கள் என்று மகள் சொல்லியிருந்தாள். ஏதோ கஞ்சி, ரொட்டி என்று நினைத்துக்கொண்டு வந்தால், மேசை மேல் பழக் கேக்காம், வெண்ணெய் பிஸ்கட்டாம், உயரமான கண்ணாடித் தம்ளரில் நுரை கட்டி நிற்கிற இஞ்சிப் பானமாம். நான் குடித்தேன். நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மூக்கு வரைக்கும் ஏறியது. அப்போது பார்த்து என் மகள், நான் பெற்ற மகள், என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, இது மாதிரி எங்கயுமே கிடைக்காதுப்பா. நம்ம வீட்டுல எப்பவும் கடை பாட்டில்தானே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாக, "கடையில வாங்கறதும் நல்லாத்தான் இருக்கும்மா" என்றீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிரித்திருந்தால்கூட விட்டிருப்பேன்.

அன்றைக்கே முடிவு கட்டினேன். அடுத்த வருடம் என் முறை வரும்போது என் வீட்டுக்குள் கடைச் சரக்கு ஒன்றுகூட நுழையக் கூடாது. கேக், பிஸ்கட், பானம் எல்லாம் இந்தக் கையால். முறை வந்தது. உங்களிடம் செய்முறை கேட்க எனக்கு என்ன தலையெழுத்தா? நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரிதான் கேட்டாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்திருந்தாள். நான் தற்செயலாகப் பக்கத்தில் நின்றேன். நூலகத்தில் வேலை பார்த்தவர் மெதுவாகப் பேசுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, ஆனால் ஓய்வு பெற்ற பிறகும் இன்னும் யார் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவ்வளவு மெதுவாகப் பேசுகிறீர்கள்? நான் குனிந்து ஃபோன்மேல் காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"இஞ்சியைத் துருவி நல்லாக் கொதிக்க விடுங்கம்மா. சர்க்கரை, எலுமிச்சை. இறக்கி வச்சு, வெதுவெதுப்பா ஆனதுக்கப்புறம் ஈஸ்ட் ஒரு சிட்டிகை. சூடா இருக்கும்போது போட்டுடாதீங்க, அது செத்துப்போயிடும், பாவம்" என்றீர்கள். ஈஸ்ட்டுக்குப் பாவம் பார்க்கிற மனுஷர் சம்பந்திக்குப் பார்க்கக் கூடாதா? அடுத்து நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் கொதித்துக்கொண்டிருக்கிறது. "பாட்டில்ல ஊத்தினதும் மூடியை மட்டும் லூசா வைங்கம்மா. உள்ள காத்து உண்டாகும், அது வெளிய போகணும். சம்பந்திகிட்ட குறிப்பாச் சொல்லிடுங்க. அவரு இறுக்கிடுவாரு."

அவரு இறுக்கிடுவாரு! ஐயா, நான் நகரக் குடிநீர்த் துறையில் ஹெட் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வாழ்நாள் முழுக்க நான் செய்த ஒரே வேலை இறுக்குவது. இந்த நகரத்தில் பாதிப் பேர் காலையில் முகம் கழுவுவது நான் இறுக்கிய ஜாயிண்ட் வழியாக வந்த தண்ணீரில். நான் கை வைத்த இடத்தில் ஒரு சொட்டுக் கசிந்தது என்று ஒருவன் சொன்னது கிடையாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மேல்நிலைத் தொட்டி, எதை வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். அப்படிப்பட்டவனிடம் மூடியை லூசாக வை என்று சொல்வது, சமையல்காரனிடம் உப்புப் போடாதே என்று சொல்வது மாதிரி. நீங்கள் சொன்னது செய்முறை என்று உலகம் நினைக்கலாம். எனக்கு அது அவமானம்.

சரி, பானத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கேக். எங்கள் ஓவனுக்கு அடியில் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். ஓவன் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சமையலறைத் தரையே வாட்டமாகத்தானே இருக்கும், இல்லையென்றால் கழுவிய தண்ணீர் எப்படி ஓடும்? அதனால் அட்டையை மடித்து ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்து மட்டத்தைச் சரிசெய்தேன். உள்ளே கேக் வெந்துகொண்டிருக்கும்போது மட்டம் மாறிவிடுமோ என்று கதவைத் திறந்து திறந்து தட்டின்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரி, "கதவைத் திறக்காதீங்க, திறக்காதீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தாள். நீங்கள் ஃபோனில் சொல்லியிருந்தீர்களாம், நடுவில் திறந்தால் அமுங்கிவிடும் என்று. அமுங்கத்தான் செய்தது. நடுவில் ஒரு பள்ளம். கேக்கைப் பார்த்தவுடன் எனக்குத் தோன்றிய முதல் எண்ணம், மழை பெய்தால் இங்கே தண்ணீர் தேங்குமே என்பதுதான். பள்ளத்தில் கிரீமைப் போட்டு, சுவருக்குப் பூச்சு பூசுகிற மாதிரி வழித்து, மட்டம் பண்ணிவிட்டேன். ரசமட்டத்தின் குமிழ் நட்டநடுவில் நின்றது. உங்கள் கேக்கில் நின்றதா? வைத்துப் பார்த்தீர்களா?

பிஸ்கட்டுக்கு வருவோம். மாவு பிசைந்தவள் அவள், வெட்டியவன் நான். வட்டமாக வெட்ட வீட்டில் ஒன்றும் கிடைக்காமல், பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கொதிக்க வைத்து, அதனால் வெட்டினேன். நடுவில் சின்னக் குழாயால் ஒரு ஓட்டையும் போட்டேன். ஏன் போட்டேன் என்று அவள் கேட்டாள். எனக்கே தெரியவில்லை, கை பாட்டுக்குப் போட்டது. வெந்து வெளியே வந்தபோது அத்தனையும் அச்சு அசலாக வாஷர். கடினம்கூட அந்த அளவுதான். ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது, ஊறவைத்துத் தின்றால்.

இப்போது பானம். இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, ஈஸ்ட், எல்லாம் நீங்கள் சொன்னபடி. அதில் ஒரு குறை சொல்ல முடியாது. பழைய பாட்டில் கடையில் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து மூடி திருகுகிற மரையைத் தடவிப் பார்த்து, தேயாத மரை உள்ளதாகப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். ஊற்றினேன். பிறகு ஒவ்வொரு கழுத்திலும், குழாய் மூட்டுக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை மரை ஓடுகிற திசையில் சுற்றினேன். அதற்குமேல் மூடி. அதற்குமேல் ரெஞ்ச். என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"லூசா வைக்கச் சொன்னாருல்ல?"

"அவரு புத்தகம் அடுக்கினவரு. காத்தைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? இருக்கிற கேஸெல்லாம் வெளிய போயிட்டா அப்புறம் நுரை எங்கிருந்து வரும்?"

"போன வருஷம் அவருக்கு வந்துச்சே?"

இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்பதற்காகவே பிறந்தவள் அவள். நான் இன்னும் ஒரு திருகுத் திருகினேன். பிறகு எங்கள் துறை வழக்கப்படி சோதனை. தரையில் செய்தித்தாளை விரித்து, எல்லாப் பாட்டில்களையும் தலைகீழாகச் சாய்த்து வைத்தேன். ஒரு சொட்டு இல்லை. தாள் காய்ந்த தாளாக இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலையில் இருந்திருந்தால் யாராவது தோளில் தட்டியிருப்பார்கள். அடுப்புக்கு மேல் தட்டில் வரிசையாக அடுக்கினேன். தினமும் காலையில் ஒவ்வொன்றின்மேலும் காதை வைத்துக் கேட்பேன். மூச்சு விடவில்லை. நல்ல பிள்ளைகளாக நின்றுகொண்டிருந்தன. அவை மூச்சுவிட முடியாமல் நிற்கின்றன என்பது எனக்கு எப்படித் தெரியும்?

நேற்று மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. காலையிலிருந்து அடுப்பு எரிந்துகொண்டிருந்ததால் சமையலறையே வெக்கையாக இருந்தது. நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். கேக் சமையலறை மேசையில், பிஸ்கட் அதன் பக்கத்தில் தட்டில். கதவைத் திறந்தேன். என் பேத்திக் குட்டி ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டது. நான் முன்கூட்டியே சட்டைப் பையில் வைத்திருந்த ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். அது ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து, "தாத்தா, இதுவும் நீங்க பண்ணினதா?" என்றது. நான் "ஆமாண்டா செல்லம்" என்று வாயைத் திறந்தேன். டமார்.

முதலில் மாப்பிள்ளையின் பெட்டிதான் கீழே விழுந்துவிட்டது என்று நினைத்தேன். நான் அவர் பெட்டியைப் பார்க்கிறேன், அவர் என் முகத்தைப் பார்க்கிறார், பெட்டி அவர் கையில் இருக்கிறது. மறுபடி டமார். இந்தத் தடவை கண்ணாடி சிதறுகிற சத்தமும் இஞ்சி வாசனையும் கூடவே வந்தன. குட்டி கையைத் தட்டி, "தாத்தா, இன்னொண்ணு!" என்றது. தாத்தா சொல்லாமலே இன்னொன்று வெடித்தது. "யாரும் உள்ள போகாதீங்க!" என்று என் வீட்டுக்காரி கத்தினாள். ஆனால் எங்கோ ஜாயிண்ட் விட்டுவிட்டது என்றுதான் என் புத்திக்கு எட்டியது. இத்தனை வருடப் பழக்கம் எங்கே போகும்? ரெஞ்சை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் பாய்ந்தேன். மகள் பின்னாலிருந்து என் புதுச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, எங்க போறீங்க? இறுக்கப் போறீங்களா, தளத்தப் போறீங்களா?" என்று கேட்டாள். உண்மையில் நான் இறுக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

மீதிப் பாட்டில்களைத் திறந்தாக வேண்டும். யார் திறப்பது? மாப்பிள்ளை நல்ல பையன், உங்கள் மகன் என்பதற்காகச் சொல்லவில்லை, நான் போகிறேன் மாமா என்றார். ஆனால் நான் இறுக்கியதை அவரால் திறக்க முடியுமா? எவராலும் முடியாது. அதனால் என் தலையில் ஹெல்மெட்டை மாட்டி, உடம்பில் ஈரக் கம்பளியைச் சுற்றி, கையில் ரெஞ்சைக் கொடுத்து, இந்த வீட்டுக்குச் சொந்தக்காரனான என்னை என் சமையலறைக்குள்ளேயே தவழவிட்டார்கள். நான் ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். என் கையால் போட்ட ஜாயிண்ட்டை என் கையாலேயே அவிழ்க்கிற நிலைமை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஒவ்வொரு மூடியும் திறக்கும்போது கூரையைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பியது. உங்கள் பானத்தில் நுரை நன்றாக வரும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பல்பு போனது. சுவர் கடிகாரம் நின்றது. நான் மட்டம் பார்த்துப் பூசிய கேக்கின் கிரீம் அடித்துக்கொண்டு போய், பழைய பள்ளத்தில் இஞ்சிப் பானம் தேங்கி நின்றது. அதில் கண்ணாடித் தூள் மினுக்கியது.

இத்தோடு விட்டதா? கதவை யாரோ தட்டினார்கள். கீழ்வீட்டுப் பல் டாக்டரம்மா. நல்ல மரியாதைக்காரி. ஹெல்மெட்டும் கம்பளியுமாக நின்ற என்னைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "சார், உங்க வீட்டுல லீக் ஆகுது சார்" என்றார்.

ஐயா, நான் சாகிற வரைக்கும் என் காதில் விழக் கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது இதுதான். என்னைப் பார்த்து, என் வீட்டு வாசலில் நின்று! அவர் விடவில்லை. "ஹால்ல சொட்டிக்கிட்டே இருக்கு. தண்ணின்னுதான் நினைச்சேன், ஆனா இஞ்சி வாசனையா வருது. எனக்குத் தெரிஞ்ச நல்ல பிளம்பர் ஒருத்தர் இருக்காரு, நம்பர் தரட்டுமா சார்?" மாப்பிள்ளை இருமுவது மாதிரி திரும்பிக்கொண்டார். அவர் இருமவில்லை என்பது எனக்குத் தெரியும். தோள் குலுங்கியது.

அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. சமையலறை, கூடம், சோபாவுக்கு அடி, எங்கே பார்த்தாலும் கண்ணாடித் தூள். கால் வைத்தால் ஒட்டுகிற தரை. குட்டி செருப்பில்லாமல் ஓடுகிற குழந்தை. மகள் குனிந்து தரையை ஒருமுறை தடவிப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. குழந்தையை வச்சுக்கிட்டு இங்க எப்படிப்பா? மாமா வீட்டுக்குப் போயிடறோம்" என்றாள். பிறகு குட்டியின் கையிலிருந்த பிஸ்கட்டில் தூள் பட்டிருக்குமோ என்று பயந்து அதைப் பிடுங்கினாள். குட்டி விடவில்லை. ஓட்டைக்குள் விரலை மாட்டிக்கொண்டு, "தாத்தா பண்ணினது" என்று அழுதது. இதுவரை கோபம் கோபம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். அந்த நிமிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அழுகை வந்தது. ஹெல்மெட் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அந்த அழுகைக்கும் சேர்த்துத்தான் இப்போது உங்கள்மேல் கோபம்.

மாப்பிள்ளை வாசலில் நின்று உங்களுக்கு ஃபோன் போட்டார். விவரம் சொன்னார். பதிலுக்கு நீங்கள் ஏதோ முணுமுணுத்தீர்கள். அதில் ஒரு வார்த்தை மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "பரவாயில்லை." என்ன பரவாயில்லை? யாருக்குப் பரவாயில்லை? வருடம் பூராவும் எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு வீடு காலியாகிப்போவது உங்களுக்குப் பரவாயில்லையா? அவர்கள் படி இறங்கிப் போனார்கள். நானும் அவளும் இரண்டு துடைப்பத்தோடு நின்றோம். இரவு முழுக்க உங்கள் மேசை என் கண்முன்னால் நின்றது. உங்கள் கேக், உங்கள் பிஸ்கட், நுரை கட்டிய உங்கள் தம்ளர். மகள் குடித்துவிட்டு இந்த வருடம் என்ன சொன்னாள்? நம்ம வீட்டுல எப்பவும் வெடிதான் என்றாளா? நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, வெடிக்கிறதும் நல்லாத்தான் இருக்கும்மா என்றீர்களா? சொல்லியிருப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

ஆகையால் என் முடிவைத் தெரிவித்துக்கொள்கிறேன். இந்த வருடம் என் முறை நடக்கவில்லை. நடக்காத முறை நடந்ததாகக் கணக்காகாது. எனவே அடுத்த வருடமும் எங்கள் முறை. அதற்கு அடுத்ததும் எங்கள் முறைதான், ஏனென்றால் அது இயல்பாகவே எங்களுடையது. இதற்கு நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நமக்குள் பேச்சு வார்த்தை கிடையாது. இனி உங்கள் வாசற்படியை நான் மிதிக்க மாட்டேன். குட்டியின் பிறந்தநாளுக்கு மட்டும் வருவேன். அவசரம், ஆஸ்பத்திரி என்றால் வருவேன். மற்றபடி மிதிக்க மாட்டேன். இஞ்சி என்கிற வார்த்தையை இனி என் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றும் உத்தரவு போட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரி அதைக் கேட்டுவிட்டு இஞ்சி டீ போட உள்ளே போயிருக்கிறாள்.

குட்டிக்கு என் முத்தங்கள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள், உள்ளங்காலில் கண்ணாடி குத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லவும். நீங்கள் என்னைவிட மூத்தவர் என்பதால் உங்களுக்கு ஆசி சொல்ல முடியாது, வணக்கம்தான் சொல்ல வேண்டும். சொல்லியாகிவிட்டது, முதல் வரியில். இரண்டாவது முறை சொல்வதாக இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மகனுக்குப் பெண் கொடுத்துவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பவன்.

பின்குறிப்பு: உறையில் வைத்து ஒட்டப்போகும் நேரத்தில் மகள் ஃபோன் செய்தாள். மாமா என்னவெல்லாம் பண்ணி வச்சிருந்தாரு, சொல்லும்மா, எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லை என்று குத்தலாகக் கேட்டேன். அவள், "ஒண்ணுமே இல்லப்பா" என்றாள். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உங்கள் வீட்டில் சமையலறை விளக்கு ஒன்றுதான் எரிந்துகொண்டிருந்ததாம். உங்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருந்த இரண்டு துண்டு ரொட்டியையே ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, அவர்களுக்கும் சேர்த்து முட்டை பொரித்துக்கொண்டு நின்றீர்களாம். கேக்குக்குப் பழம் ஒரு ஜாடிகூட ஊறவில்லை, ஒரு பாட்டில் இல்லை, மேசைமேல் விரிப்புகூட இல்லை. "ஏன் மாமா, இந்த வருஷம் எதுவுமே போடலையா?" என்று கேட்டிருக்கிறாள். "முறை அவங்களோடதும்மா. நான் ஒருத்தனுக்காக எதைப் போடறது?" என்றீர்களாம். ராத்திரியே பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்கிக் குட்டிக்கு மட்டும் ஏதோ கிண்டிக் கொடுத்தீர்களாம். இன்றைக்குக் காலையிலிருந்து, "தரையை ரெண்டு தரம் ஈரத்துணியில துடைச்சா கண்ணாடி போயிடும், நீங்க கிளம்புங்க, அவரு மனசு என்ன பாடு படும்" என்று அவர்களைத் துரத்திக்கொண்டே இருக்கிறீர்களாம். மாப்பிள்ளையிடம் நீங்கள் சொன்ன பரவாயில்லைகூட, "இங்க ஒண்ணும் ரெடியா இல்லைன்னாலும் பரவாயில்லை, குழந்தைக்கு அடி படலையே" என்பதாம்.

எனக்கு இப்போது முன்னைவிடக் கோபம் அதிகமாக வருகிறது. எங்கள் முறை வருகிற வருடமெல்லாம் நீங்கள் ஒண்டியாக முட்டை பொரித்துக்கொண்டிருப்பது யாருக்குத் தெரியும்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உங்களையும் கூப்பிடலாமே என்று என் வீட்டுக்காரி போன மாதமே சொன்னாள். என் காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டேன். அதை எழுதிக் காட்டுவதற்கு மேலே எழுதிய அத்தனையையும்விட அதிக நேரம் பிடித்தது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அவ்வளவையும் அடிக்கக் கையில் தெம்பு இல்லை. நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.

முறை என்பது இன்றோடு ரத்து. இனி எந்த வருடமும் இரண்டு வீடாகப் பிரிந்து உட்கார வேண்டாம். யார் வீட்டில் அடுப்பு எரிகிறதோ அங்கே எல்லாரும். இந்த வருடம் உங்கள் வீடு, எங்கள் தரை இன்னும் ஒட்டுகிறது. தபாலில் போட்டால் நேரமாகும் என்பதால் இதை நானே கொண்டுவருகிறேன். நீங்கள் படித்து முடிக்கிற வரைக்கும் வாசலில் நிற்பேன். படித்த பிறகும் உள்ளே வாங்க என்று சொன்னால் வருகிறேன். சொல்லாவிட்டாலும் இவள் உள்ளே வந்துவிடுவாளாம், இப்போதே செருப்பைப் போட்டுக்கொண்டு கதவருகே நிற்கிறாள்.